கல்லூரி நூலகத்தில் புத்தகமும் கட்டுரையும் தேடுவது எப்படி: கேட்லாக் முதல் அலமாரி வரை

நூலகத்தில் தேடிப் போனது கிடைக்காமல் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: தேடிய இடம் தவறு, அல்லது தேடிய சொல் தவறு. இடத்தை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். சொல்லுக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரே தலைப்பைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: நிலத்தடி நீர் செறிவூட்டல், அதாவது நீரை நிலத்துக்குள் இறங்கச் செய்வது.

எதை எங்கே தேடுவது

கேட்லாக் என்பது நூலகத்தின் கையிருப்புப் பட்டியல். கணினியில் பார்க்கும் கேட்லாக்கை ஓபாக் என்பார்கள். அதில் புத்தகங்களின் பெயர் இருக்கும், ஆய்விதழ்களின் பெயரும் இருக்கும். ஆனால் ஆய்விதழுக்குள் அச்சான ஒரு கட்டுரையின் தலைப்பு பொதுவாக இருக்காது. கட்டுரைத் தலைப்பைக் கேட்லாக்கில் தட்டிவிட்டு "இங்கே ஒன்றுமே இல்லை" என்று எழுந்து போவதுதான் முதலாண்டு மாணவர்கள் செய்யும் மிகப் பழைய தவறு. கட்டுரைகளைத் தேடுவதற்கு நூலகம் சந்தா கட்டியிருக்கும் தரவுத்தளங்கள் தனியாக இருக்கின்றன.

சில நூலகங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே தேடல் பெட்டியாக வைத்திருக்கும். வசதிதான், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தின் பெயரைத் தட்டினால் அந்தப் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகள் பத்து முன்னால் நிற்கும், புத்தகம் பின்னால் ஒளிந்திருக்கும். ஓரத்தில் உள்ள வடிகட்டியில் 'புத்தகங்கள் மட்டும்' என்று தேர்ந்தால் தீர்ந்தது.

கையில் உள்ள குறிப்பை முதலில் படியுங்கள்

ஆசிரியர் கொடுத்த பட்டியலில் இருப்பது புத்தகமா, கட்டுரையா, ஒரு தொகுப்பு நூலின் இயலா என்று தெரியாமல் தேடல் பெட்டிக்குப் போகக்கூடாது. அடையாளங்கள் எளியவை.

வெளியீட்டாளர் பெயரும் ஆண்டும் இருந்து, பக்க எண் இல்லாவிட்டால் அது புத்தகம். 45(3): 210–228 என்பதுபோல் எண்கள் வந்தால் அது ஆய்விதழ்க் கட்டுரை: 45 தொகுதி எண், அடைப்புக்குறிக்குள் உள்ள 3 இதழ் எண், மற்றவை பக்கங்கள். இரண்டு தலைப்புகள் வந்து, நடுவே ஆங்கிலத்தில் 'இன்' என்றிருந்து, பதிப்பாசிரியர் பெயரும் பக்க எண்களும் இருந்தால் அது தொகுப்பு நூலின் ஓர் இயல். இந்த மூன்றாவது வகையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இயலின் தலைப்பை விட்டுவிட்டு, 'இன்' என்பதற்குப் பின்னால் வரும் நூலின் தலைப்பைக் கேட்லாக்கில் தேட வேண்டும்.

10 என்று தொடங்கி, ஒரு புள்ளியும் சாய்கோடும் எண்களும் எழுத்துகளுமாக நீளும் வரி டிஓஐ. அது அந்தக் கட்டுரைக்கே உரிய நிலையான அடையாளம். இதழின் இணையதள முகவரி மாறினாலும் இது மாறாது. டிஓஐ கையில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். டிஓஐ-க்கென உள்ள தளத்தில் (doi.org) ஒட்டினால் நேராகக் கட்டுரைப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

புத்தகங்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் அப்படி இல்லை. 2007 ஜனவரிக்கு முன் அது 10 இலக்கம், இப்போது 13 இலக்கம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண்; கெட்டி அட்டைக்கு ஒன்று, மெல்லிய அட்டைக்கு ஒன்று. ஐஎஸ்பிஎன் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குறிப்பிட்ட பதிப்பு இல்லை என்றுதான் அர்த்தம். அதே நூலின் முந்தைய பதிப்பு மூன்று படிகள் அலமாரியில் நின்றுகொண்டிருக்கலாம். ஆசிரியர் பெயரில் ஒரு சொல், தலைப்பில் ஒரு சொல், இரண்டையும் சேர்த்துத் தட்டுவதே பாதுகாப்பான வழி.

சொற்பட்டியல்: பத்து நிமிட வேலை

தலைப்பை முழு வாக்கியமாகத் தட்டாதீர்கள். ஒரு தாளை எடுத்து, தலைப்பில் எத்தனை கருத்துகள் இருக்கின்றன என்று பிரியுங்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டு: நிலத்தடி நீர், செறிவூட்டல். ஒவ்வொன்றின் கீழும் வேறு சொற்களை எழுதுங்கள். ஆங்கிலத் தரவுத்தளத்தில் தேடுவதானால் முதல் கருத்துக்கு 'கிரவுண்ட்வாட்டர்', அதையே இரண்டு சொல்லாகப் பிரித்து ஒருமுறை, 'அக்விஃபர்', 'ஹைட்ரோஜியாலஜி'. இரண்டாவதற்கு 'ரீசார்ஜ்', 'இன்ஃபில்ட்ரேஷன்', 'பெர்கோலேஷன்'.

ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களை 'ஆர்' கொண்டும், வெவ்வேறு கருத்துகளை 'ஆண்ட்' கொண்டும் இணைக்க வேண்டும். 'ஆர்' போட்டால் முடிவுகள் பெருகும், 'ஆண்ட்' போட்டால் சுருங்கும். 'ஆர்' போட்டு இணைத்த சொற்களைக் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பல தரவுத்தளங்கள் 'ஆண்ட்' இணைப்பை முதலில் கணக்கிடும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் 'கிரவுண்ட்வாட்டர்' வரும் எல்லாமும், அதோடு 'அக்விஃபரும் ரீசார்ஜும்' சேர்ந்து வருபவையும் ஒன்றாகக் கொட்டும். சில தளங்களில் இந்த இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்டினால்தான் வேலை செய்யும். 'நாட்' பக்கம் முடிந்தவரை போகாதீர்கள். வேண்டாத சொல் ஒரே ஒரு இடத்தில் வந்திருந்தாலும் நல்ல கட்டுரை கழிந்துபோகும்.

இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள். சொல்லின் விகுதிகள் எல்லாம் வேண்டும் என்றால் வேர்ப்பகுதிக்குப் பின் நட்சத்திரக் குறி. ஆனால் எங்கே வெட்டுவது என்று பார்த்து வெட்டுங்கள். 'ஹைட்ரோ' என்று வெட்டி நட்சத்திரம் போட்டால் ஹைட்ரோஜியாலஜியோடு ஹைட்ரஜன் வேதியியலும் கூடவே வந்து சேரும், ஆங்கில எழுத்துக்கூட்டில் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே என்பதால். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இந்த நட்சத்திர உத்தி பயன்படாது.

கேட்லாக்கை அதன் மொழியிலேயே கேளுங்கள்

நூலகர்கள் ஒவ்வொரு நூலுக்கும், முன்பே வகுத்த பட்டியலிலிருந்து எடுத்த பொருள் தலைப்பு ஒன்றைச் சூட்டுகிறார்கள். நூலின் பெயரில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அந்தத் தலைப்பில் அது கிடைக்கும். பிரச்சினை என்னவென்றால், அந்தத் தலைப்பு நம் வாயில் வரும் சொல்லாக இருக்காது. முதல் உலகப் போர் பற்றிய நூல்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலில் 'உலகப் போர், 1914–1918' என்றுதான் இருக்கின்றன. 'முதல்' என்ற சொல்லே அதில் கிடையாது.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குறுக்குவழி இதுதான்: சாதாரணச் சொல்லில் தேடி, பொருத்தமான ஒரே ஒரு நூலைக் கண்டுபிடியுங்கள். அதன் முழுப் பதிவைத் திறந்தால் கீழே பொருள் தலைப்புகள் சொடுக்கக்கூடிய இணைப்புகளாக இருக்கும். அதைச் சொடுக்கினால் அதே தலைப்பிலுள்ள எல்லா நூல்களும் வரிசையில் வந்து நிற்கும். ஒரு நல்ல நூல் கிடைத்துவிட்டால் பத்து கிடைத்த மாதிரி.

ஆசிரியர் பெயரில் தேடும்போது தலைப்பெழுத்தைப் போடாமல் பெயரை மட்டும் தட்டுங்கள். ஒரே ஆசிரியர் ஒரு பதிவில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் விரித்தெழுதி என மூன்று வடிவத்தில் உட்கார்ந்திருப்பார்.

தமிழ் நூல்களைத் தேடும்போது

இதற்குத் தனியாக இடம் ஒதுக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் தமிழ் நூல்கள் 'காணாமல் போவது' பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் சந்தி. 'நீர்' என்று தட்டினால் 'நீர்ப் பாதுகாப்பு' என்ற தலைப்பு வராமல் போகலாம்; கணினிக்கு 'நீர்' வேறு சொல், 'நீர்ப்' வேறு சொல். 'நிலத்தடி நீர்' பிரிந்தும், 'நிலத்தடிநீர்' சேர்ந்தும் பதிவாகியிருக்கும். வல்லொற்று மிகும் இடத்தில் ஒற்றோடு ஒருமுறை, ஒற்றில்லாமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை என்று மூன்று தடவை தேடுங்கள். நட்சத்திரக் குறி வேலை செய்யும் கேட்லாக் என்றால் சொல்லின் முதல் பகுதியோடு நிறுத்திவிடலாம்.

அடுத்தது குறியாக்கம். 'கொ' என்ற எழுத்தை ஒரே உயிர்மெய்க் குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இந்த வேறுபாட்டைச் சரிசெய்யாத மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு. எதிர்பார்த்த நூல் வரவில்லை என்றால் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்தே இல்லாத இன்னொரு சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துத் தட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, ஒலிபெயர்ப்பு. பல பெரிய கேட்லாக்குகள், குறிப்பாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடையவை, தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிகின்றன. அங்கே உச்சரிப்பு கணக்கில் வராது, எழுத்துதான் கணக்கு. க எங்கே வந்தாலும் 'கே', ஒருபோதும் 'ஜி' அல்ல. ச என்றால் 'சி', ஆகவே 'சங்கம்' என்பதைத் தேடும்போது 'எஸ்' போட்டால் கிடைக்காது. ட, த இரண்டுக்கும் 'டி' என்று ஒலிக்கும் இருபதாம் ஆங்கில எழுத்து, ப என்றால் 'பி' என்று ஒலிக்கும் பதினாறாம் எழுத்து. நாம் ஆசையாக 'இசட்-எச்' போட்டு எழுதும் ழகரம் அங்கே அடிக்கோடிட்ட 'எல்' மட்டுமே. கோட்டை விட்டுவிட்டு வெறும் 'எல்' தட்டினால் போதும்.

பகுப்பெண்ணைப் படித்தல்

கேட்லாக்கில் நூல் கிடைத்ததும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அழைப்பு எண் (நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்), இருக்கும் இடம், நிலை. நிலை 'வெளியே' என்றால் முன்பதிவு செய்யலாம். 'ரெஃபரன்ஸ்' என்றால் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். 'ரிசர்வ்' என்றால் அலமாரிக்குப் போகாதீர்கள். பாடத்துக்கு வேண்டிய நூல் என்று கவுன்டருக்குப் பின்னால் எடுத்து வைத்திருப்பார்கள், சில மணி நேரத்துக்கு மட்டும் தருவார்கள்.

அழைப்பு எண்ணில் முதற்பகுதி பொருளைக் குறிக்கும் பகுப்பெண், அடுத்தது ஒரே பகுப்பெண் உள்ள நூல்களைப் பிரித்துக் காட்டும் நூலெண். உலகில் மிகப் பரவலாக உள்ளது அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு. நிலத்தடி நீருக்கான 551.49 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 500 அறிவியல், 550 புவி அறிவியல், 551-க்குள் புவியமைப்பியலும் நீரியலும், அதற்குள் .49 நிலத்தடி நீர். இலக்கம் கூடக்கூடப் பொருள் நுணுக்கமாகும்.

அலமாரியில் வழி தவறுவது தசமப் புள்ளிக்குப் பின்னால்தான். 628.114 முதலில் வருமா, 628.16 முதலில் வருமா? நூற்றுப்பதினான்கு பெரிது என்று மனம் சொல்லும். ஆனால் புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும்: முதல் இலக்கம் இரண்டிலும் 1, அடுத்தது இங்கே 1, அங்கே 6. ஆகவே 628.114 முன்னால். 628.2 இரண்டுக்கும் பின்னால். எண் ஒன்றாகவே இருந்தால் நூலெண்ணின் எழுத்து வரிசை. அது பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகள்.

காங்கிரஸ் நூலகப் பகுப்பு எழுத்தில் தொடங்கும். அதில் கணக்கு வேறு: எழுத்துக்குப் பின் வரும் எண் முழு எண், எனவே 76 முதலில், 276 பிறகு. அதற்கடுத்துப் புள்ளியோடு வரும் எழுத்தும் எண்ணும் மட்டும் தசமமாகப் படிக்க வேண்டியவை. முக்காற்புள்ளிகள் (:) விரவிய எண் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு.

முக்கியமான ஒன்று: ஒரு தலைப்பு ஒரே அலமாரியில் இருக்காது. நிலத்தடி நீர் புவி அறிவியலாகப் பார்க்கப்பட்டால் 551.49, குடிநீர் வழங்கலாகப் பார்க்கப்பட்டால் 628.1 வரிசை, வளமாகவும் பொருளாதாரமாகவும் பார்க்கப்பட்டால் 333.91. மூன்றும் மூன்று மூலையில் இருக்கும். மொழியும் அப்படியே: தமிழ் மொழியியல் 494.811, தமிழ் இலக்கியம் 894.811. பின்பகுதி ஒன்றாக இருந்தாலும் நடுவே நானூறு எண்கள் தள்ளியிருக்கும். அலமாரி முன் நின்று மேய்வது நல்ல பழக்கம்தான், ஆனால் கேட்லாக்கில் பொருள் தலைப்பைப் பார்த்து எத்தனை இடத்தில் மேய வேண்டும் என்று தெரிந்துகொண்டு மேயுங்கள்.

அலமாரியில் இல்லை என்றால்

'உள்ளே உள்ளது' என்று கேட்லாக் சொல்கிறது, இடம் காலி. முதலில் இருபுறமும் ஒரு கைநீளம், பிறகு மேல் தட்டும் கீழ்த் தட்டும் பாருங்கள். இலக்கத்தை மாற்றிப் பாருங்கள், 551.49-இல் இருக்க வேண்டியது 551.94-இல் செருகப்பட்டிருக்கும். பெரிய அளவு நூல்களுக்குத் தனி அலமாரி உண்டு. திரும்பி வந்த நூல்கள் அடுக்கப்படக் காத்திருக்கும் தள்ளுவண்டி, நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்து மேசை, புதுவரவுத் தட்டு, இவற்றையும் ஒரு நடை பாருங்கள். தேர்வுக்கு முன்பு நல்ல நூலை யாரோ சம்பந்தமே இல்லாத அலமாரியில் ஒளித்து வைத்திருப்பதும் நடக்கும். அதற்கு மருந்து கிடையாது. கவுன்டரில் சொல்லித் தேடச் சொல்லுங்கள். சொன்னால்தான் அது 'காணவில்லை' என்று பதிவாகி, மறுபடி வாங்கும் பட்டியலில் சேரும்.

எடுத்துப் பார்த்த நூலை நீங்களே திரும்பச் செருகாதீர்கள். மேசையில் விட்டுவிடுங்கள். தவறான இடத்தில் வைத்த நூல் தொலைந்த நூலுக்குச் சமம்.

கட்டுரைகள்

எந்தத் தரவுத்தளம் என்பதைத் துறை தீர்மானிக்கும். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட், கல்வியியலுக்கு எரிக், மின்னியல், கணினிக்கு ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர், வரலாறு, இலக்கியம், சமூகவியலுக்கு ஜேஸ்டோர். துறை கடந்து தேட ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ். இந்த இரண்டும் கட்டுரையின் விவரத்தையும் சுருக்கத்தையும்தான் தரும், முழுக் கட்டுரையை அல்ல. பப்மெட்டும் எரிக்கும் இலவசம். ஜேஸ்டோரில் பல இதழ்களின் அண்மைய சில ஆண்டுகள் இருக்காது. கடைசி மூன்று, ஐந்து ஆண்டு இதழ்கள் 'நகரும் சுவர்' என்ற, ஆண்டுதோறும் முன்னகரும் தடைக்குப் பின்னால் நிற்கும். அங்கே மட்டும் தேடிவிட்டு இந்தத் துறையில் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

முதல் தேடலில் ஆயிரக்கணக்கில் வந்தால் தேடும் புலத்தைத் தலைப்பு, சுருக்கம் என்று குறுக்குங்கள், பிறகு ஆண்டு, பிறகு 'சக மதிப்பீடு பெற்றவை', அதாவது அதே துறை அறிஞர்கள் படித்து மதிப்பிட்டவை. மூன்றே மூன்று வந்தால் சொற்பட்டியலுக்குத் திரும்பி 'ஆர்' கூட்டுங்கள். ஐம்பதிலிருந்து நூறு வரை வந்தால் தலைப்புகளைக் கண்ணால் ஓட்டிவிடலாம்.

முதலில் ஒரு திறனாய்வுக் கட்டுரையைப் பிடியுங்கள், அதாவது புதிய சோதனை எதுவும் செய்யாமல், ஒரு துறையில் வந்தவற்றையெல்லாம் தொகுத்து அலசும் கட்டுரை. ஆங்கிலத்தில் 'ரிவ்யூ' என்று தலைப்பிலோ வடிகட்டியிலோ இருக்கும். அதன் பின்னுள்ள மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழ் இருக்கும் 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பு முன்னோக்கிக் கூட்டிப்போகும். இரண்டு திசையிலும் திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து பெயர்கள்தான் அந்தத் துறையின் அடிப்படை. தேடலை எப்போது நிறுத்துவது என்பதற்கும் இதுவே அளவுகோல்: புதிய பட்டியலைத் திறந்தாலும் தெரிந்த பெயர்களே வந்தால் போதுமான அளவு தேடியாகிவிட்டது.

சுருக்கம் இருக்கிறது, முழுக் கட்டுரை இல்லை

வெளியீட்டாளர் தளத்தில் பணம் கேட்கும் பக்கம் வந்தால் அட்டையை எடுக்காதீர்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. வளாகத்துக்கு வெளியே இருந்தால், நூலகத் தளத்தின் வழியாக உள்நுழைந்து வாருங்கள். சந்தா பெரும்பாலும் வளாக இணைய முகவரியை வைத்தே அடையாளம் காண்கிறது. நேராகப் போனால் வெளியாளாகவே நடத்தும்.
2. நூலகத்தின் ஆய்விதழ்ப் பட்டியலில் இதழின் பெயரைத் தேடுங்கள், கட்டுரையின் பெயரை அல்ல. பெயருக்குப் பக்கத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று இருக்கும். மேற்கோளில் இதழ்ப் பெயர் சுருக்கமாக இருந்தால் விரித்துத் தட்டுங்கள்; 'ஜே' என்பது ஜர்னல், 'ப்ராக்' என்பது ப்ரொசீடிங்ஸ்.
3. பழைய ஆண்டு என்றால் கேட்லாக்கில் அச்சு இதழைப் பாருங்கள். ஆண்டுவாரியாகக் கட்டிய தொகுதிகள் அலமாரிப் பகுதியில் இருக்கும், முதுகில் தொகுதி எண்ணும் ஆண்டும் பொறித்திருக்கும். இதழ் நடுவில் பெயர் மாறியிருந்தால் கேட்லாக் பதிவில் முந்தைய பெயர், பிந்தைய பெயர் குறிப்பு இருக்கும்.
4. அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி இருந்தால் காட்டிவிடும். கூகுள் ஸ்காலரில் 'எல்லா வடிவங்களும்' என்பதையும் திறந்து பாருங்கள்.
5. நூலகங்களுக்கிடையிலான கடன் வசதியைக் கேளுங்கள். கட்டுரை என்றால் நகல் அனுப்புவார்கள், பல நாள் ஆகலாம். கெடுவுக்கு முந்தின நாள் கேட்டுப் பயனில்லை.
6. ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

நான்காம் வழியில் கிடைப்பது சில சமயம் அச்சுக்கு முந்தைய வரைவாக இருக்கும். அதில் பக்க எண் 1-இலிருந்து தொடங்கும். மேற்கோள் காட்டும்போது அந்தப் பக்க எண்ணைப் போட்டால் தவறு. அச்சான வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சொற்களும் மாறியிருக்கலாம்.

குறித்து வைப்பது, கேட்பது

புத்தகம் கையில் இருக்கும்போதே தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகிலுள்ள எண் மூன்றையும் கைபேசியில் படமெடுங்கள். நகலெடுத்த தாளில் பக்க எண் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளுக்கு, மேற்கோள் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டிரோ என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அது தானாக இழுத்துக்கொள்ளும் விவரங்களில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயன்படுத்திய தேடல் வரியையும், எந்தத் தளம், எந்த நாள் என்பதையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ஆய்வேடு எழுதுபவர்களிடம் இதைக் கேட்பார்கள்.

அரைமணி நேரம் தேடியும் ஒன்றும் நகரவில்லை என்றால் ரெஃபரன்ஸ் மேசைக்குப் போங்கள். "தண்ணீர் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் நூலகர் திரும்பக் கேள்வி கேட்டுத்தான் தொடங்க வேண்டும். "நிலத்தடி நீர் செறிவூட்டல் பற்றி, கடந்த பத்தாண்டுக் கட்டுரைகள் வேண்டும். ஸ்கோபஸில் இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டுதான் வந்தது, அடுத்த வெள்ளிக்குள் வேண்டும்" என்று சொல்லி, தேடல் வரி எழுதிய தாளை நீட்டுங்கள்.